ஊர்ப் பெயரைத் தட்டிப் பாருங்கள்

உள்துறைமுக வீதியில் என்னுடைய மாடியறைக்கு மாதம் ஒருவராவது படியேறி வருகிறார்கள். சிலர் கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்தவர்கள். சிலர் கிண்ணியாவில் கடை போட இருப்பவர்கள். போன மாதம் மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி பஸ்ஸில் வந்தாள். அவள் வயதில் நான் மூதூருக்குப் படகில்தான் போனேன். வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, என்ன சொப்ட்வெயார் போடுறது?"

நான் 1997இல் ஓர் அச்சகத்தில் பேஜ்மேக்கருக்கு முன்னால் உட்கார்ந்தவன். அதற்குப் பிறகு தனியாளாகத்தான் தொழில். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், நிலாவெளி விடுதிகளின் பலகை, புறாமலைக்குப் படகு விடுகிறவர்களின் விலைப்பட்டியல் எல்லாம் செய்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இலக்கம் போட்டு எழுதிவைக்கிறேன். இலக்கம் போட்டதற்காக எல்லாம் ஒரே எடை என்று நினைக்க வேண்டாம்.

1. எந்த மென்பொருளைப் போட்டாலும் முதலில் நம் ஊர்ப் பெயரைத் தட்டிப் பாருங்கள். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை.

"திருகோணமலை" என்று தட்டினால் இரண்டு இடங்களில் மென்பொருளின் குட்டு வெளிப்படும். "கோ"வில் ககரத்துக்கு முன்னால் இரட்டைக்கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். "லை"யில் இணைக்கொம்பு லகரத்துக்கு முன்னால் ஏற வேண்டும். யுனிகோடில் நாம் தட்டும் ஒழுங்கு வேறு, எழுத்து நிற்கும் ஒழுங்கு வேறு. மெய்யைத் தட்டிய பிறகுதான் குறியைத் தட்டுகிறோம். அதைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு லகரத்தின் பின்னால் தொங்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும்.

சிங்களத்தில் நம் ஊர் "த்ரிகுணாமலய". அந்த முதல் எழுத்தில் தகரமும் ரகரமும் ஒட்ட வேண்டும். ரகரம் தன் உருவத்தை விட்டுவிட்டு அடியில் ஒரு வளைவாக நிற்கும். அதை ஒட்டவைப்பது இடையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் குறி. ஒரு பைலிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டும்போது சில மென்பொருள்கள் அதை வெறும் இடைவெளி என்று நினைத்து விழுங்கிவிடும். பிறகு தகரத்தின் தலையில் ஒரு கொடி, பக்கத்தில் தனி ரகரம். சிங்களம் வாசிக்கத் தெரியாத நாம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நாட்டின் பெயரில் வருகிற "ஸ்ரீ"க்கும் இதே கதைதான்.

இரண்டும் சரியாக வந்தால் அந்த மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அது எவ்வளவு பெயர் பெற்றதானாலும் இந்த ஊர் வேலைக்கு உதவாது. இங்கே ஒரு பலகை என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். வெளிநாட்டு யூடியூப் பாடங்களில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

2. பாமினியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இளம் பிள்ளைகள் பாமினி என்றதும் மூக்கைச் சுளிக்கிறார்கள். இலங்கையில் கணினிக்குள் தமிழ் அச்சை இத்தனை வருடம் சுமந்தது அந்த எழுத்துருதான். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் முகமூடி போட்ட ஏற்பாடு. "தமிழ்" என்று திரையில் தெரிவதற்கு உள்ளே கிடப்பது சின்ன ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் முகமூடி கழன்று ஜேயும் கேயும் பல்லிளிக்கும். அப்படியே பத்தடிப் பனரில் அச்சாகி வந்ததையும் நான் கண்டிருக்கிறேன். ஊர் பெயர் கேட்காதீர்கள்.

இன்றைக்கும் அச்சகங்களிலிருந்து வரும் பழைய பைல்கள் பாமினியில்தான் வரும். தகப்பனின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தை இருபது வருடத்துக்குப் பிறகு திரும்ப அச்சிட வேண்டும் என்று கனடாவிலிருந்து ஒருவர் கேட்பார்; கையில் ஒரு சீடி மட்டும் இருக்கும். அதற்குத்தான் மாற்றி வேண்டும். சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் பாமினியை யுனிகோடாக்கும். அவர்களுடைய என்.எச்.எம். ரைட்டரும், இ-கலப்பையும் தட்டச்சுக்கு. மாற்றியதை அப்படியே நம்பாமல் ஒரு தடவை வாசியுங்கள். நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று நினைத்து மாற்றி வைத்திருக்கும். மின்னஞ்சல் முகவரி ஒன்று "பஅயடை" மாதிரி ஏதோ ஆகிக் கிடக்கும்.

விசைப்பலகை உங்கள் விருப்பம். பழைய தட்டச்சு பழகியவர்களுக்கு ரங்கநாதன், புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்99. ஒன்றைப் பிடித்தால் அதை விடாதீர்கள். ஆங்கில ஒலியில் தட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: "கௌ" என்பதைக் கொம்பும் ளகரமும் வைத்து ஒப்பேற்றாதீர்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். தேடினால் கிடைக்காது, எழுத்துருவை மாற்றினால் காட்டிக்கொடுக்கும்.

3. கள்ள மென்பொருள் வேண்டாம். தேவைக்கு இலவசமானதே இருக்கிறது.

இதில் நான் உத்தமன் என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் இந்த ஊரில் போட்டோஷொப் என்றால் நூறு ரூபாய்ச் சீடி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கள்ளப் பிரதியோடு வந்த வைரஸ் என் இரண்டு வருட வேலையையும் பூட்டிப்போட்டுக் காசு கேட்டது. அன்றோடு விட்டேன்.

காசு கொடுத்து வாங்கலாம் என்றால், 2013இல் அடோபி தன் மென்பொருள்களை மாதக் கட்டணத்துக்கு மாற்றியது. கட்டணம் டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனது. கல்யாணக் கார்டின் விலையை நான் அப்படி ஏற்றியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்னைத் துறைமுகத்தில் தள்ளியிருப்பார்கள். டொலரில் சம்பளம் வாங்கும் வெளிநாட்டு வேலை கையில் இருந்தால் அடோபி எடுங்கள், பிழையில்லை. எடுத்தால் இன்டிசைனில் எழுத்து அமைப்பை "வேர்ல்ட்-ரெடி" என்ற தெரிவுக்கு மாற்றிவிட்டுத் தமிழைத் தட்டுங்கள். முன்பு போட்டோஷொப்பிலும் அதை மாற்றாமல் "போட்டோஷொப்பில தமிழ் உடையுது" என்று அழுதவர்கள் நிறையப் பேர்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது நான்கு. சின்னம், பலகை, பனர், விசிட்டிங் கார்ட் எல்லாவற்றுக்கும் இன்க்ஸ்கேப். 2003இல் தொடங்கிய மென்பொருள், 1.0 என்ற இலக்கத்தைத் தொட 2020 ஆனது. அவசரமில்லாத பிள்ளைகள் செய்தது, அதனால் எனக்குப் பிடிக்கும். தமிழும் சிங்களமும் அதில் உடையாது. படத்தைத் திருத்த கிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0இல், ஒரு படத்தில் போட்ட விளைவைப் பிறகும் திருத்தலாம். முந்தியவற்றில் போட்டது போட்டதுதான். கையால் வரைகிறவர்களுக்கு கிரிட்டா. பக்கம் பக்கமாகப் போகும் புத்தகத்துக்கு ஸ்கிரைபஸ்.

ஸ்கிரைபஸில் ஒரு கவனம். பழைய 1.4 வரிசையில் முதலாம் இலக்கத்துச் சோதனை தோற்றுவிடும். கொம்பெல்லாம் இடம்மாறி நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6இலிருந்து தமிழ் நேராக நிற்கிறது. யாராவது "ஸ்கிரைபஸில தமிழ் வராது" என்று சொன்னால், எந்த ஸ்கிரைபஸ் என்று கேளுங்கள்.

இன்க்ஸ்கேப்பின் குறையையும் சொல்ல வேண்டும். அது திரையின் நிறத்தில், அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தில் யோசிக்கிறது. அச்சு நான்கு மையில் யோசிக்கும். நிலாவெளிக் கடலின் நீலத்தைத் திரையில் பளீரென்று காட்டி விடுதிக்காரரின் வாயைப் பிளக்க வைத்துவிட்டு, அச்சில் ஊதா கலந்த மங்கல் நீலம் வந்தால் ஏச்சு உங்களுக்குத்தான். நீலத்தில் மஜெந்தா சயானை நெருங்கினால் ஊதாவாகிவிடும். குறைந்தது முப்பது சதவீதம் கீழே வையுங்கள். இந்தக் கணக்கை ஸ்கிரைபஸில் நான்கு மை இலக்கமாகவே கொடுக்கலாம். அதனால் நான் உருவத்தை இன்க்ஸ்கேப்பில் வரைந்து, ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து, அங்கே நிறத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்தைப் போட்டால், அச்சு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

4. பனரை 300 டிபிஐயில் செய்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன்.

பத்தடிக்கு நாலடி பனர் என்றால் 120 அங்குலம், 48 அங்குலம். 300ஆல் பெருக்கினால் 36,000க்கு 14,400 புள்ளிகள். மொத்தம் 51 கோடியே 84 இலட்சம். மூன்று நிறத்துக்கும் ஒவ்வொரு பைட் என்றால் ஒன்றரை ஜிபி, அதுவும் ஒரே ஓர் அடுக்குக்கு. ஐந்து அடுக்கு வைத்தால் கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும். அதே பனர் 72இல் 8,640க்கு 3,456. மூன்று கோடிப் புள்ளிகூட இல்லை, 90 எம்பிக்குள் முடிந்துவிடும். அனுராதபுரச் சந்தியில் மின்கம்பத்தில் தொங்குவதைப் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எழுத்தையும் சின்னத்தையும் இன்க்ஸ்கேப்பில் வைத்துப் படத்தை மட்டும் உள்ளே போட்டால் இந்தக் கவலையில் பாதியும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பனருக்குப் போடாதீர்கள். அதை அனுப்பியவரிடம், "டொகுமென்ட்டா அனுப்புங்கோ" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்த வேலை.

5. எழுத்தைக் கர்வ் ஆக்கும் முன் இன்னொரு பெயரில் சேமியுங்கள்.

அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இருக்காது. அதனால் எழுத்துகளை உருவமாக மாற்றித்தான் அனுப்புவோம். இன்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், சி. கொரல்ட்ரோவில் கண்ட்ரோல், கியூ. மாற்றிய பிறகு அது எழுத்தில்லை, எழுத்து மாதிரி ஒரு படம். திருத்த முடியாது.

இதை நான் படித்த விதம் வெட்கக்கேடானது. ஒரு வீட்டின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கார்டு. கணவர் காலமாகிவிட்டார், கீழே குடும்பத்தாரின் பெயர்கள். எங்கேயோ வெட்டி எங்கேயோ ஒட்டியதில் "அமரர்" என்ற சொல் மனைவியின் பெயருக்கு முன்னாலும் போய் உட்கார்ந்துவிட்டது. நானூறு கார்டு அச்சாகிவிட்டது. பின்னேரம் அந்த அம்மாவே படியேறி வந்தார். கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, கார்டை மேசையில் வைத்துச் சொன்னார்: "தம்பி, நான் இன்னும் சாகேல்லை."

பிழை முழுக்க என்னுடையது. அதைவிடக் கொடுமை, கர்வ் ஆக்கிய பைலையே மேலெழுதிச் சேமித்திருந்தேன். அறுபது பெயரும் நாலு தேவாரமும் விடிய விடிய இருந்து திரும்பத் தட்டினேன். அன்றிலிருந்து என் பைல்களின் பெயர்களில் இரண்டு வகை: ஒன்றின் முடிவில் "எழுத்து", மற்றதின் முடிவில் "அச்சு". அச்சுப் பைலில் கை வைப்பதில்லை. திருத்தம் என்றால் எழுத்துப் பைலைத் திறந்து, திருத்தி, புதிதாக அச்சுப் பைல்.

6. பி.டி.எஃப்பை அனுப்பும் முன் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அக்ரோபட் ரீடரில் ஆவணத்தின் பண்புகளுக்குள் எழுத்துருப் பட்டியல் இருக்கும். உள்ளே பதிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். வெட்டுக்கு நாலு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் விடுங்கள். ஏ4 என்றால் பைல் 216க்கு 303. இதற்கு மேலே சொல்ல ஒன்றுமில்லை.

7. கரண்டையும் கடலையும் நம்ப வேண்டாம்.

2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அதற்கு முன்பே நேரம் அறிவித்தார்கள், சமாளித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாடும் இருட்டாகிவிட்டது. குரங்கு நேரம் அறிவிக்காது. ஆகவே மேசைக் கணினியாக இருந்தால் யூபிஎஸ் கட்டாயம். அது தரும் ஐந்து பத்து நிமிடம் வேலையை முடிக்க என்று நினைக்கக்கூடாது, சேமித்து மூடத்தான். இன்க்ஸ்கேப்பில் தானாகச் சேமிக்கும் வசதி விருப்பத்தெரிவுகளுக்குள் இருக்கிறது, ஐந்து நிமிடமாக வையுங்கள். கிம்பில் அப்படி நேரம் பார்த்துச் சேமிப்பது இல்லை. கை தானாகக் கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகப் பழக வேண்டும்.

உப்புக்காற்று இன்னொரு எதிரி. துறைமுகப் பக்கம், கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கணினியை நிலத்தில் வைக்காதீர்கள், ஜன்னலுக்கு நேரேயும் வைக்காதீர்கள். நினைவகத் தகட்டின் பற்களில் பச்சை பூத்துக் கணினி எழும்பாமல் கிடந்தால், கணினியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிட்டு, தகட்டை எடுத்து அழிறப்பரால் மெல்லத் தேயுங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி, சுனாமி வந்த அன்று, என் அறை வேறிடத்தில், கடலுக்குக் கிட்ட, கீழ்த்தளத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இல்லை. அது கடவுள் செயல். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். மேசை தெருவில் கிடந்தது. சீடிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதே மேசையின் கீழ் வைத்திருந்தேன். ஏழு வருட வேலை. அதில் சிலருடைய கல்யாணப் படங்கள் இருந்தன. அன்றைக்கு அந்த வீடுகளே இல்லாமல் போயிருந்தன. வந்து கேட்டவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போது மூன்று பிரதி. ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில். மூன்றாவது டிஸ்க் என் தங்கச்சியின் வீட்டில், கன்னியாவில், கடலிலிருந்து உள்ளே. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் மாற்றிக்கொள்வேன். எது புதிது, எது பழையது என்று பார்த்துப் பிரதியெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள். இணையத்தில் வைப்பதும் நல்லதுதான், டேட்டா உங்களுக்குக் கட்டுமானால்.

8. எழுத்துருவை இருநூறு சேர்க்காதீர்கள். பத்தை நன்றாகப் பழகுங்கள்.

தமிழுக்கு நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப், முக்தா மலர், தலைப்புக்குப் பலூ தம்பி, கட்டமரான். சிங்களத்துக்கு நோட்டோவோடு அபய லிப்ரே. பலகைக்கு "ஸ்டிக் நோ பில்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. "விளம்பரம் ஒட்டாதீர்" என்ற சுவர் வாசகமே அதன் பெயர். எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, வியாபாரத்துக்குப் பாவிக்கலாம். இணையத்தில் "ஃப்ரீ பொன்ட்" என்று கிடைப்பதில் பல வீட்டுப் பாவனைக்கு மட்டும்தான், உரிமத்தை வாசியுங்கள்.

மூன்று மொழியையும் ஒரே அளவு இலக்கத்தில் போட்டால் ஒரே அளவாகத் தெரியாது. ஒவ்வொரு எழுத்துருவிலும் உடம்பு ஒவ்வொரு உயரம். 24 என்று மூன்றுக்கும் போட்டுவிட்டு "எல்லாம் சமம்தானே" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னான். இலக்கத்தை மறைத்துவிட்டு, தூரப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னேன். தமிழ் கீழே நசிந்து கிடந்தது. தமிழ்ச் சொல் நீளம். இடம் போதாதபோது முதலில் சுருக்கப்படுவது அதுதான். அதனால் பலகையைத் தமிழ் வரியில் தொடங்கி அளவெடுங்கள். ஒழுங்கு எப்படியும் இருக்கட்டும், அகலத்தை அது தீர்மானிக்கட்டும். எழுத்தை மட்டும் பக்கவாட்டில் நசித்து ஒடுக்க வேண்டாம். நெருக்கமான எழுத்துரு வேண்டுமென்றால் அப்படியே வரையப்பட்டதை எடுங்கள்.

9. விலைமதிப்பும் பில்லும் லிப்ரே ஒபிஸ் கல்க்கில். எத்தனை திருத்தம் இலவசம் என்பதை அதில் எழுதிவையுங்கள். நான் மூன்று என்று எழுதுவேன். அரைவாசிக் காசு முன்னாலே. சொந்தக்காரருக்கும்.

10. உங்களுக்குத் தெரியாத மொழிக்கு ஒரு கண்ணைத் தேடிவையுங்கள்.

எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் காப்பாற்றாது. என் அறைக்குக் கீழே படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை. முதலாளி சிங்களவர், என் வயது. இருபது வருடமாக எங்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்: அவருக்கு வரும் தமிழ்க் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வேன், என் சிங்களத்தை அவர் பார்ப்பார். பிரின்ட் எடுத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தால், கையில் இருக்கும் கிரீஸை சாரத்தில் துடைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போடுவார். நேற்று ஓர் உல்லாசப் பயணக் கொம்பனியின் பலகை. நானே மூன்று தடவை பார்த்து, எல்லாம் சரி என்று கொண்டுபோனது. அவர் முழுவதையும் வாசிக்கவில்லை. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தில் விரலை வைத்தார். கொடி பிடித்துக்கொண்டு நின்றது தகரம். பக்கத்தில் தனியாக ரகரம். திரும்பப் படியேறினேன்.